றாஹிலாவின் முழங்காலும் நான் நிரப்பிய படிவமும்

5.1.1981

மழை. தபால் பை இரண்டு மணி நேரம் பிந்தி வந்தது. தபாலட்டைகளில் வாசிக்கத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான். (உப தபாலதிபர் தபாலட்டை வாசிப்பது குற்றம் என்பார்கள். முகத்தைத் திறந்துகொண்டு ஊர்வலம் வருவது தபாலட்டையின் குற்றமில்லையா?) இறக்காமத்திலிருந்து ஒரு மாமனார் மருமகனுக்கு எழுதுகிறார்: "யானை இரண்டு தரம் வந்து வெள்ளாமையைப் பார்த்துவிட்டுப் போனது. நீர் ஒரு தரமும் வரவில்லை."

றாஹிலாவின் வலது முழங்கால் வீக்கம் இன்னும் இறங்கவில்லை. மூன்று மாதமாயிற்று. கிணற்றடியில் வழுக்கியதால் வந்ததாம். பதினேழு வருஷத்துக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து ஏறியவன் நான். வீடு அவளது, கிணறு அவளது, கிணற்றடிப் பாசியும் அவளது. நான் வாய் திறக்கலாமா?

11.1.1981

வீரமுனையிலிருந்து வல்லிபுரம் பரிசாரியாரைக் கூட்டி வந்தேன். முறிவு நெரிவுக்கு இந்தப் பக்கத்தில் அவருக்கு மிஞ்சிய கையில்லை. அவருடைய எண்ணெய் மணத்தைப் பற்றி நாளைக்குக் கவுண்டரில் சொல்ல இரண்டு பகிடிகள் தயாராக வைத்திருந்தேன்.

அவர் எண்ணெய்ப் போத்தலைத் திறக்கவேயில்லை. முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் மெல்ல ஒரு தரம் அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு போத்தலை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"தம்பி, முறிவெண்டா என்ட கைக்குத் தெரியும். இது முறிவில்ல. உள்ளுக்க இரிந்து என்னமோ வளருது. இத உருவினா நான் பாவி. ஆசுபத்திரிக்குக் கொண்டு போ. இண்டைக்கே."

பகிடி இரண்டும் வீண்.

14.1.1981

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. முழங்காலுக்குக் கீழே எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் சவர்க்கார நுரை மாதிரி இருக்கிறது. "கட்டி" என்றார் டாக்டர். கொழும்புக்கு எழுதித் தந்தார். றாஹிலா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுவா நான்?" என்றாள்.

18.2.1981 – கொழும்பு

பிள்ளைகள் மூவரும் றாஹிலாவுக்கு மூத்தவள் சரீபா ராத்தாவிடம். நாங்கள் இங்கே. எலும்பு டாக்டர் பெயர் அருளம்பலம், யாழ்ப்பாணத்தார். கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு இன்று கூப்பிட்டு இருத்திச் சொன்னார்.

"இது உடம்பெல்லாம் ஓடித் திரியிற சாதியில்லை. ஆனா இருந்த இடத்திலை இருந்து எலும்பைத் தின்னும். முந்தியெண்டா காலை எடுத்துப்போடுவம். இப்ப நான் சுரண்டி எடுத்துப்போட்டு, இடுப்பிலை இருந்து எலும்பு வெட்டி அந்தப் பள்ளத்தை நிரப்பிறன். இப்பிடிச் செய்த ஆக்களை ஒவ்வொருத்தரா எழுதி வைச்சுப் பாத்துக்கொண்டு வாறன். நீங்கள் இருபத்திமூண்டாவது ஆள்."

"திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"வரலாம். ரெண்டு வருசம் வராட்டி அநேகமாத் தப்பின மாதிரி. வந்தா காலை விடவேண்டி வரும். ஒளிச்சுச் சொல்லேல்லை."

றாஹிலா கேட்டாள்: "இடுப்புல எடுத்துக் காலுக்கு வெச்சா, இடுப்புக்கு என்னத்த வெப்பீங்க டாக்டர்?"

"இடுப்பு பணக்காரன் அம்மா. கொஞ்சம் குடுத்தா ஏழையாகமாட்டான்."

"என்ட இடுப்புல எடுங்க டாக்டர், நிறைய இரிக்கி" என்றேன்.

என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "அது எலும்பில்லை" என்றார்.

றாஹிலா சிரித்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு சிரிக்கிறாள். நான் கொழுத்ததற்கும் ஒரு பலன்.

3.3.1981

எட்டு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். கால் இருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

பன்னிரண்டே கால். வெளியே கொண்டு வந்தார்கள். போர்வைக்குள் இரண்டு பாதம். எண்ணிப் பார்த்தேன். நம்பாமல் திரும்பவும் எண்ணினேன். இரண்டு வரைக்கும் எண்ண இவ்வளவு பாடா?

9.7.1981

நோன்பு மாதம். காலைச் சுற்றிப் போட்டிருந்த மாக்கட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். கால் முருங்கைக் காய் மாதிரி மெலிந்து கிடக்கிறது. சரீபா மச்சி பார்த்துவிட்டு, "இந்தக் கால ஆரிட்ட வாங்கி வெச்சவங்க?" என்கிறாள். றாஹிலா சுவரைப் பிடித்து ஏழு அடி நடந்தாள். எட்டாவது அடிக்கு என் தோளைப் பிடித்தாள். அந்தக் கை இன்னும் தோளிலேயேதான் இருக்கிறது போல ஓர் உணர்வு.

14.1.1982

கொழும்பிலிருந்து டாக்டரின் படிவம் வந்தது. அவர் பார்த்த எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அனுப்புவாராம். தமிழில் தட்டச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு கட்டம்: 'ஆம்' அல்லது 'இல்லை'.

படிவமென்றால் இந்த ஊரில் யாரிடம் வருவார்கள்? சவூதிக்குப் போக இருக்கிற வான்காரன் றவூபின் பாஸ்போட்டும் நான் நிரப்பியதுதான், அவனுடைய மாமியின் பென்சனும் நான் நிரப்பியதுதான். இருபத்தொரு வருஷத்தில் நான் நிரப்பிய ஒரு படிவமும் திரும்பி வந்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாயில் இருந்த றாஹிலாவிடம் உத்தியோக தோரணையில் கேட்டேன்.

"பிறர் உதவியின்றி மாடிப்படி ஏற இறங்க முடிகிறதா?"

"மாடியா? எங்கட ஊட்டுல மாடி எங்க இரிக்கி?"

"ஏறுறியா இல்லியா?"

"இல்லாத மாடியில ஏறுறெண்டு பொய் சொல்லவா மச்சான்?"

'இல்லை' என்று போட்டேன்.

"கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழ முடிகிறதா?" – வீட்டில் இருக்கிற இரண்டு கதிரையும் விருந்தாளிக்கு. அவள் இருப்பது பாயில். இல்லை.

"பஸ்ஸில் ஏற முடிகிறதா?" – ஆப்பரேஷன் முடிந்து வந்ததிலிருந்து போனது வந்ததெல்லாம் றவூபின் வானில்தான். இல்லை.

"ஏன் இல்லெண்டு பக்கத்துல ரெண்டு வரி எழுதுங்களேன்" என்றாள்.

"கட்டத்துக்கு வெளியில எழுதினா படிவம் செல்லாது, புள்ள. இது அரசாங்க முறை."

"அப்ப டாக்டர் என்ன நினெப்பாரு?"

"அவர் படிச்ச மனிசன். விளங்கிக்கொள்ளுவார்."

அழகாக நிரப்பி, ஒப்பம் வைத்து, முத்திரையை நேராகக் குத்தி அனுப்பினேன். நேரான முத்திரை எல்லாருக்கும் வராது.

2.2.1982

காலை பத்தரை. கல்முனையிலிருந்து தொலைபேசியில் தந்தி வாசித்தார்கள். எழுதத் தொடங்கினேன். பெறுபவர் பெயரிலேயே பேனா நின்றுவிட்டது. என் பெயர்.

"மனைவியை உடன் அழைத்து வரவும். படம் எடுக்க வேண்டும். அருளம்பலம்."

ஊருக்கெல்லாம் தந்தி கொடுத்திருக்கிறேன். ஆள் செத்த மையத்துத் தந்திக்கு ஒரு முகம், வேலை கிடைத்த தந்திக்கு ஒரு முகம் என்று வைத்திருப்பேன். இதற்கு எந்த முகம்?

கட்டி திரும்ப வந்திட்டுதா? யா அல்லாஹ், படம் எடுக்க முந்தியே டாக்டருக்கு எப்படித் தெரிந்தது? நான் பக்கத்திலேயே கிடக்கிறவன், எனக்குத் தெரியல்லியே...

அவளிடம் சொல்லவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

4.2.1982

பிடித்துவிட்டாள்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ரெண்டு நாளா ஊர்க்கத ஒண்டும் சொல்லல்ல. ஆரும் ஓடிப்போகல்லியா, ஆருக்கும் காயிதம் வரல்லியா? என்ன நடந்த மச்சான்?"

தந்தியை எடுத்து வைத்தேன். வாசித்தாள். முழங்காலைச் சேலைக்கு மேலால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

"நோவில்லியே" என்றாள். பிறகு, "நீங்க மொதல்ல சோத்தத் தின்னுங்க."

எனக்கு இறங்கவில்லை. எனக்குச் சோறு இறங்காத நாளை நாட்குறிப்பில்தான் எழுதவேண்டும், வாயால் சொன்னால் ஊர் நம்பாது.

9.2.1982 – கொழும்பு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டரின் கிளினிக்கை இப்போது இரண்டாம் மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். லிப்ட் பழுது. நான் ஆட்களைத் தேடி ஓடினேன், தூக்குவதற்கு. திரும்பி வந்து பார்த்தால் றாஹிலாவைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் மேலே, பாதிப் படியில், கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் ஏறிக்கொண்டிருக்கிறாள். முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி. நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது எனக்குத்தான் தண்ணீர் தேவைப்பட்டது.

"நல்லாத்தான் இரிக்கி மச்சான்" என்றாள் என் காதுக்குள். "திரும்பவும் ஒருக்கா இறங்கி ஏறுவமா?"

டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஆர் அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது?"

"ஆரும் தூக்கல்ல டாக்டர். நானாத்தான் வந்த."

அவர் என் படிவத்தை எடுத்து மேசையில் போட்டார். "படி ஏறேலாது. கதிரையிலை இருந்து எழும்பேலாது. பஸ் ஏறேலாது. இதென்ன ஐயா? கட்டி திரும்பிட்டுது எண்டு நான் காலை எடுக்க நாள் பாத்துக்கொண்டிருக்கிறன்!"

சொன்னேன். வீட்டில் மாடி இல்லாததையும், கதிரை விருந்தாளிக்கு என்பதையும், கட்டத்துக்கு வெளியே எழுதக்கூடாது என்பதையும். சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"உங்கடை ஊரிலை ஒரு மாடி வீடும் இல்லையே?"

"ரெண்டு இரிக்கி டாக்டர்" என்றாள் றாஹிலா. "ஆனா அவங்களோட எங்களுக்குக் கதயில்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து மற்றவர்களின் படிவங்களை எடுத்துப் புரட்டினார். "இவர் மீன்பிடிகாரர். இவ சேனையிலை பயிர் செய்யிறவ. இவர் நாவிதன்வெளியிலை வயல் செய்யிறவர்... எல்லாருக்கும் படி ஏறேலாது எண்டு கிடக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நான் நொண்டியெண்டு கணக்குப் போட்ட எத்தினை பேர் நல்லா நடந்து திரியினமோ. வெளிநாட்டுப் புத்தகத்திலை இருந்த கேள்வியை அப்பிடியே தமிழிலை போட்டனான். என்ரை பிழை."

இருபத்தொரு வருஷத்தில் எந்தப் படிவமும் 'என்ரை பிழை' என்று என்னிடம் சொன்னதில்லை. எனக்கும் சொல்லவேண்டும் போல இருந்தது. "என்ட பிழையும்தான்" என்றேன்.

பிறகு அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து றாஹிலா பக்கம் திரும்பினார், என் பக்கம் இல்லை. "நீங்கள் சொல்லுங்கோ. உங்களிட்டை என்னத்தைக் கேக்கவேணும்?"

அவள் வெட்கப்பட்டு, பிறகு மளமளவென்று சொன்னாள். "சகன்ல நாலு பேரோட ஒரே தட்டச் சுத்தி இரிந்து தின்ன ஏலுமாண்டு கேளுங்க. தொழக்குள்ள நெத்திய நிலத்துல வெச்சு சுஜூதுக்குப் போய் கையூண்டாம ஒழும்ப ஏலுமாண்டு கேளுங்க. கிணத்துல தண்ணி அள்ளி இடுப்புல வெச்சு நடக்க ஏலுமா, வரம்புல ஒத்தக் காலுல நிண்டு கிறுகித் திரும்ப ஏலுமா..."

"உங்களுக்கு ஏலுமோ?"

"தண்ணி அள்ளுறன். சுஜூதுக்குக் கையூண்டித்தான் ஒழும்புறன். சப்பணம் முழுசா வராது, ஒரு கால நீட்டிக்கித்தான் சகன்ல இரிக்கிற. மத்தவங்களுக்கு எடம் பத்தாது. அதால கலியாண ஊடுகளுக்குப் போறல்ல."

எனக்கு இது தெரியாது. ஒரு வருஷமாகக் கலியாண வீடுகளுக்குத் தலையிடி என்று போகாமல் இருந்தாள். நானும் ஊரெல்லாம் தலையிடி என்றே சொல்லித் திரிந்தேன்.

மாலை படம் வந்தது. நுரை இல்லை. இடுப்பிலிருந்து குடிவந்த எலும்பு நிலத்தைப் பிடித்துக்கொண்டது என்றார். இன்னும் பதின்மூன்று மாதம் பார்க்கவேண்டும். முழங்காலை மடக்கப் பயிற்சி எழுதித் தந்தார்.

20.9.1982

புதுப் படிவம், இரண்டு மாதம் பிந்தி. 'சகன்' என்ற சொல் கொழும்பில் தட்டச்சாகி வந்திருக்கிறது. பக்கத்தில் 'வேறு ஏதும்' என்று நீளமாக ஒரு வெற்றிடம். எழுத விஷயமும் இருக்கிறது: பயிற்சி செய்து செய்து முழங்கால் மடங்கத் தொடங்கிவிட்டது.

7.3.1983 – கொழும்பு

இரண்டு வருஷம் முடிந்தது. படம் சுத்தம். டாக்டர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்கோ அம்மா, இனி வருசத்துக்கு ஒருக்கா வந்தாக் காணும்" என்றார். படிக்கட்டில் இறங்கும்போது அவள் முன்னால். நான் சுவர்ப் பக்கமாகத் திரும்பி மூக்கைச் சிந்தினேன். தடிமன் என்று சொல்லிக்கொண்டேன்.

24.3.1983

டாக்டரிடமிருந்து கடிதம். வைத்தியர்கள் கூடும் கூட்டத்தில் இந்த இருபத்திமூன்று பேரைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப் போகிறாராம். றாஹிலா தொழுகையில் இருப்பது போல முழங்காலை மடக்கி இருக்கிற ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார்.

எங்கள் ஊர் முழங்கால் மேடையேறுவதா! கவுண்டரிலேயே பதில் எழுதினேன்: "பூரண சம்மதம்." முத்திரை குத்திப் பையில் போட்டேன். மதியம் சாப்பிடப் போனபோது பெருமையாகச் சொன்னேன்.

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். நான் தபால் கந்தோருக்குத் திரும்பிக் கதிரையில் இருக்கக்கூட இல்லை, அதற்குள் வாசலில் நிற்கிறாள். கலியாணம் முடித்த காலத்திலிருந்து என் கந்தோருக்கு வராதவள்.

"அந்தக் காயிதத்த எடுங்க."

"முத்திர குத்தியாச்சு புள்ள. தபால்ல சேந்த காயிதம் டாக்டரிட சொத்து. சட்டம்."

"கால் ஆரிட சொத்து?"

கவுண்டரில் நின்ற இருவரும் வெளியே பார்த்தார்கள். நான் பையை அவிழ்த்துக் காயிதத்தை எடுத்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் முதல் தரம், அல்லாஹ் மன்னிப்பானாக, மேலதிகாரிக்குத் தெரியாதிருப்பதாக.

கவுண்டரில் கட்டியிருந்த பேனாவால் நின்றபடியே புதுத் தாளில் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன், மறைக்கவில்லை: "முழங்காலை மட்டும் படம் எடுக்கலாம். முகம் தரமாட்டேன். மற்றவர்களுக்கு உதவும் என்றால் சம்மதம். சம்மதம் தருவது நான். – றாஹிலா."

முத்திரை வாங்கி ஒட்டிவிட்டு, என்னைப் பாராமல் வெயிலுக்குள் இறங்கிவிட்டாள். கந்தோரைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். "புள்ள, கொஞ்சம் நில்லு, மணல் சுடுது" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிவாசல் சந்தி வரைக்கும் சேலை தெரிந்தது. அதற்குப் பிறகு அதுவும் தெரியவில்லை.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.