பாய் சார் எழுதிய வரி

பாய்,

திங்கட்கிழமை திண்டிவனத்தில் ஊருக்குப் பஸ் ஏறப் போகும்போது, செல்போன் ரிப்பேர் கடை ஒன்றைத் தாண்டினேன். உள்ளே யாரோ ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் வகுப்பின் அதே புகை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. "என்ன சார், டிஸ்ப்ளே போயிடுச்சா?" என்று கடைக்காரர் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். மரக்காணம் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் காய்ந்தபோது உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவர்மேல் கோபப்படுவது எந்த ஊர் நியாயமோ, ஆனால் வந்தது.

திண்டிவனத்துக்கு நான் போனதே உங்களுக்குப் பதிலாகத்தான். செய்து பார்க்கும் வகுப்பு, கோடிங், வடிவமைப்புச் சிந்தனை என்று நாள் முழுக்கப் பயிற்சி. சுவர் நிறைய மஞ்சளும் ரோஸுமாகக் காகிதங்களை ஒட்டச் சொன்னார்கள். "முதல்ல பயனாளியின் மனதைப் புரிந்துகொள்ளணும் சார்" என்றார் பயிற்சி கொடுத்த பெண். நல்ல பெண்தான், சொன்னதும் சரிதான். நான்தான் பாதி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போதே எச்.எம். மேடம் சொல்லியிருந்தார்: "வியாழக்கிழமைக்குள்ள முடிவு சொல்லிடுங்க சார். நீங்க எடுத்தா கிளாஸ் இருக்கும். இல்லன்னா அந்த ரூம்ல சைக்கிள அடுக்கிடறேன்." முடியாது என்று சொல்வதாகத்தான் இருந்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கு, காலையில் செயலியில் வருகைப்பதிவு, மாலையில் செயலியில் வேறு ஏதோ, நடுவில் பிரஷர் மாத்திரை. இதற்குமேல் என்னால் ஆகாது பாய். எனக்கு அலுத்துவிட்டது.

துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, எங்கள் பள்ளியில் பகுதிநேரக் கணினி ஆசிரியராக நீங்கள் சேர்ந்தபோது, ஸ்டாஃப் ரூமில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புள்ளைகள்தான் முதல் வாரத்திலேயே "பாய் சார்" என்று பெயர் வைத்தார்கள். புள்ளைகள் செய்து பார்க்க என்று அனுப்பிய மின்னணுப் பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து பீரோவில் பூட்டிக் கிடந்தன. ஏதாவது உடைந்தால் ஸ்டாக் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்று எல்லோருக்கும் பயம். நீங்கள் சாவியை வாங்கிக்கொண்டு வந்து, "பூட்டி வச்சா எலி கடிக்கும், தொறந்து வச்சா புள்ளைங்க ஒடைக்கும். எலிக்குக் குடுக்கறதுக்குப் புள்ளைங்களுக்கே குடுத்துடலாம் சார்" என்றீர்கள். எனக்கு அன்றைக்கே உங்களைப் பிடித்துவிட்டது.

அந்த மனுக் கதை ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் வகுப்புப் புள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து அனுப்பினீர்கள். "உங்கள் வேலையில் என்ன கஷ்டம்?" என்று உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாக்களைக் கேட்டு எழுதிவர வேண்டும். அச்சடித்த தாளைப் பார்த்ததும் அவர்கள் கவர்மெண்டுக் கணக்கெடுப்பு என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள் உங்கள் மேசையில் வீட்டுமனைப் பட்டா வேண்டியும், முதியோர் உதவித்தொகை வேண்டியும் மனுக்கள் குவிந்தன. ரேஷன் கார்டு ஜெராக்ஸ்கூடக் குத்தியிருந்தது. கௌசல்யாவின் அம்மா பெற்ற மகளிடமே, "உயர்திரு ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கம்" என்று சொல்லச் சொல்ல எழுத வைத்திருந்தார். நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு, "பேப்பர நீட்டினா நம்ம ஜனம் மனுதான் குடுக்கும். அவங்க மேல தப்பில்ல" என்றீர்கள். அடுத்த சனிக்கிழமை தாளும் பேனாவும் இல்லாமல் புள்ளைகளை உப்பளத்துக்கு அனுப்பினீர்கள், அம்மாக்களோடு சேர்ந்து உப்பு வாரச் சொல்லி.

கை சிவந்து திரும்பி வந்தவர்கள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். கோடையில் திடீரென்று மழை பிடித்தால், மத்தியானம் கொட்டகையில் கண்ணயர்ந்திருக்கும் பெண்கள் எழுந்து ஓடி ஓலையும் தார்ப்பாயும் போடுவதற்குள் குவியல் கரைந்துவிடுகிறது. அப்படிப் பிறந்ததுதான் அந்த மழைப் பெட்டி. ஒரு தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பிகள். மழைத்துளி விழுந்தால் நடுவில் மின்சாரம் ஓடும், பெட்டி கத்தும். வகுப்பில் ஒரு மக்கில் தண்ணீர் எடுத்துத் தெளித்துப் பார்த்தோம், கத்தியது. கடைசி பெஞ்ச் வரை கைதட்டல்.

உப்பளத்தில் அது விடியற்காலையில் கத்தியது, ஒரு நாள் விடாமல். கௌசல்யாவின் அம்மா நேராக வகுப்புக்கே வந்துவிட்டார். "வானத்துல நட்சத்திரம் தெரியுது சார், உங்க பொட்டி மழைன்னு கத்துது. நாங்க எத நம்பறது?"

நானாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நீங்கள் அவ்வளவு புள்ளைகளுக்கும் முன்னால், "எனக்கும் தெரியலம்மா. இவங்களோட சேர்ந்து பாக்கறேன்" என்றீர்கள். அந்த அம்மாவுக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை. பார்த்ததில் விஷயம் புரிந்தது. உப்புக் காற்றில் தகட்டின்மேல் மெல்லிசாக உப்பு படிகிறது. விடியற்காலைப் பனி அதை நனைக்கிறது. பெட்டிக்கு அதுவும் மழைதான்.

பரீட்சைக்கு முந்தைய கடைசி வகுப்பில், நேரம் இல்லை என்று நீங்களே கணினியில் உட்கார்ந்து பெட்டியின் நிரலில் ஒரு வரியை மாற்றி அடித்தீர்கள். இந்த அளவுக்கு நனைந்தால்தான் கத்த வேண்டும் என்று அளவைத் தூக்கி வைத்தீர்கள். விடியற்காலைச் சத்தம் நின்றது. எல்லோரும் நிம்மதியாக லீவுக்குப் போனோம்.

லீவு முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சு வலி என்று சொல்லி ஆட்டோவில் ஏறியவரை ஜனாஸாவில்தான் பார்த்தேன். பள்ளிவாசல் பக்கத்தில் மற்றவர்களோடு நானும் வரிசையில் நின்று ஒரு பிடி மண் போட்டேன். இதைப் பற்றி மேலே எழுத எனக்குத் தெம்பில்லை.

பள்ளி திறந்த மறுவாரம் மத்தியானம் மழை அடித்தது. பெட்டி கத்தவில்லை. நீங்கள் வைத்த அளவு அதிகம் பாய். முன்பெல்லாம் அந்தப் பெண்கள் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண்ணை வானத்தில் வைத்திருப்பார்கள். இந்தத் தடவை பெட்டியை நம்பி நன்றாகத் தூங்கிவிட்டார்கள். குவியல்கள் கரைந்தன. கௌசல்யா பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து என் மேசையில் வைத்தாள். "அம்மா திட்டல சார். இனிமே வேணாம்னு மட்டும் சொல்லிடுச்சி" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

இன்று வியாழக்கிழமை. வகுப்பு இனி இல்லை என்று புள்ளைகளிடம் முதலில் சொல்லிவிட்டு, பிறகு மேடத்திடம் போகலாம் என்று அந்த அறைக்குப் போனேன். உங்கள் கணினியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் பெட்டியின் நிரல் திறந்திருந்தது. யாரும் எதையும் தொடவில்லை.

"என்ன தப்புன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"கண்டுபிடிச்சிட்டோம் சார்" என்றாள் கௌசல்யா. "பனி மெதுவா நனைக்குது, மழ திடீர்னு நனைக்குது. எவ்ளோ நனைஞ்சிதுன்னு பாக்கக் கூடாது. எவ்ளோ வேகமா நனையுதுன்னு பாக்கணும்."

வருஷா வருஷம் பத்தாம் வகுப்பில், கோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சாய்வு நடத்துகிறவன் நான். அதை மழையோடு சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை. "அப்புறம் ஏன் மாத்தல?" என்றேன்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கௌசல்யாதான் சொன்னாள்: "அது பாய் சார் போட்டது சார்."

பெட்டி திரும்பி வந்ததிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் பாய். உங்கள் வரியை விட்டுவிட்டு அதற்குக் கீழே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அது இருக்கும்வரை கீழே எதை எழுதினாலும் பெட்டி கத்தவில்லை. தப்பு என்று தெரிகிறது, கை வரவில்லை. இதை இப்படியே விட்டால் அந்த அறை சைக்கிள் வைப்பதற்கு முன்பே சமாதி ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் இருந்தால் மாற்றச் சொல்லி எல்லோரையும் விரட்டியிருப்பீர்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கோடிங் தெரியாது. எந்தப் பட்டன் அழிக்கும் என்பது மட்டும் தெரியும். வரியின் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். கௌசல்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளிவாசலில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அப்புறம் யாரோ, "மொதல்ல போன நிமிஷம் எவ்ளோ நனைஞ்சிதுன்னு பொட்டி ஞாபகம் வச்சிக்கணும்டா" என்றார்கள். இன்னொருவன் இல்லை என்றான். சண்டை தொடங்கியது. வாசலில் மேடம் வந்து நின்று, "என்ன சார் முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார்.

"சைக்கிள வேற எங்கயாச்சும் வைங்க மேடம்" என்றேன்.

அலுப்பு ஒன்றும் போய்விடவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வகுப்பில் அடுத்த வாரம் என்ன சொல்லிக்கொடுப்பேன் என்று தெரியாது. நீங்கள் எழுதிய வரி இப்போது எந்தக் கணினியிலும் இல்லை பாய். அதன் அர்த்தம் இன்னும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தாக அழித்ததில் முழுக்க மனப்பாடமாகிவிட்டது, தப்போடு சேர்த்து.