தரணிக்கு, தாழ்ப்பாள் பத்தி

தரணி,

ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ் வந்துடும், நின்னுக்கினே எழுதறேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. நீ எத்தினி துன்னேன்னு வந்து எண்ண மாட்டேன்.

துன்ன உடனே பல்லு தேய்க்கிற பொண்ணுன்னு ஆறு மாசமா பஸ்ஸுல உன்னைப் பத்திப் பெருமை பேசிக்கினு இருந்தேன். வாந்தி எடுத்து எடுத்துத்தான் பல்லு கரைஞ்சிருக்குன்னு பல் டாக்டர் சொன்னப்புறம்தான் அந்தத் தேய்ப்பு எதுக்குன்னு புரிஞ்சுது. பயத்துல, நீ உள்ள பூட்டிக்கக் கூடாதுன்னு பாத்ரூம் தாழ்ப்பாளைப் பிடுங்கிட்டு, திமிருன்னு உன்மேல கத்திட்டேன். துன்னதை நீயே வாந்தி எடுத்துடறது திமிரு இல்ல, மனசுல வர்ற வியாதின்னு நேத்து திருப்பதி டாக்டரம்மா சொன்னாங்க.

வாந்தியில பொட்டாசியம் குறைஞ்சா நெஞ்சுத் துடிப்பே தடுமாறிடுமாம். படபடப்பு, தலைசுத்தல் வந்தா உடனே எனக்கு போன் பண்ணு. வேலையில இருப்பேன்னு பாக்காதே. வாந்தி எடுத்துட்டா பிரஷ்ஷை உடனே தொடாதே, பல்லு இன்னும் தேஞ்சிடும். தண்ணியில கொப்புளிச்சா போதும்.

தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டிட்டேன். ஸ்க்ரூ ஒண்ணு கிடைக்கல, மெதுவா தள்ளு.

நைனா

இன்னொண்ணு: உன்னோட உக்காந்து துன்னு எத்தினி நாளாச்சு. சாயங்காலம் கேன்டீன்ல துன்னாம வர்றேன். எனக்கும் ஒரு தட்டு வை. துன்னப்புறம் எழுந்து போகாம கொஞ்ச நேரம் என் பக்கத்துல இரு. பேசக்கூட வேணாம்.