தொலைபேசிக்கு உட்காரவைத்த டீச்சர்

ஜூன் 12

என் செல்லக் குட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் ரத்த அழுத்தத்தைத் தவிர. நீ விட்டுப்போன இடத்துக்கு வந்த மூன்றாவது டீச்சரும் கிளம்பிவிட்டாள். "மேடம், பக்கத்து ஸ்கூல்ல சாதாரண வகுப்பு எடுத்தாலே இதைவிட அதிகமா தர்றாங்க" என்றாள். நல்லா இரும்மா என்று வழியனுப்பினேன்.

நம் சிறப்புக் குழந்தைகள் பிரிவில் இப்போது நானும் ஆயாவும் மட்டும்தான். நாம் பட்டாசு என்று கூப்பிடுவோமே, அந்தப் பொண்ணு நேற்றுக் கத்திய கத்தலில், அடுத்த கட்டடத்திலிருந்து ஆள் ஓடிவந்தார். உன் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்து எதைக் கட்டிக்காக்கிறாய்? படித்த படிப்பை வீணாக்காமல் வந்துவிடேன்டி.

பாதி கோபமும் பாதி பாசமுமாக,
அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டாசு என் நினைப்பிலேயே இருக்கிறாள். ஆனாலும் வர மாட்டேன். திரும்பத் திரும்பக் கேட்காதே.

போன வருஷம் நேர்முகத் தேர்வுக்கு வந்தாரே, காது கேளாத டீச்சர், நினைவிருக்கிறதா? நம்மைப்போலவே சிறப்புக் கல்வி படித்தவர். "காது கேக்காதவங்க எப்படிப் பாடம் எடுப்பாங்க?" என்று தாளாளர் கேட்டபோது நீ டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவரைக் கூப்பிட்டுப் பார். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்புகிறாயே, வந்த ஆளைத் திருப்பி அனுப்பியது யார்?

உன்
குட்டி

ஆகஸ்ட் 3

குட்டி,

தாளாளரோடு மல்லுக்கட்டி அந்த டீச்சரைச் சேர்த்துவிட்டேன். அடடா, என்ன டீச்சர்! பட்டாசு கத்தினால் நாமெல்லாம் பதறி ஓடுவோம். அவர் அவளுடைய விரல்களையே கவனிக்கிறார். கத்துவதற்கு முன்னால் பாவாடை நுனியைச் சுருட்டுவாளாம். சுருட்டத் தொடங்கியதுமே ஊஞ்சலுக்குக் கூட்டிப்போய்விடுகிறார். இத்தனை வருஷம் நாம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்?

அதற்குள் கூத்தைக் கேள். குமாஸ்தா லீவு போட்டார். "உங்க பிரிவுல டீச்சர் சும்மாத்தானே இருக்காங்க" என்று சொல்லி நம் டீச்சரை ஆபீசில் உட்காரவைத்துவிட்டார்கள். எதற்கு? போன் எடுக்க! காது கேளாதவரைப் போன் எடுக்க! மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம், அவர் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே பட்டாசு தொண்டை கிழியக் கத்துகிறாள். தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மடையர்களோடு நான் தனியாக எத்தனை நாள் மாரடிப்பது? நீயாவது வா.

அக்கா

ஆகஸ்ட் 14

அக்கா,

டீச்சரை அனுப்பச் சொன்னது ஆபீஸ். வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பியது யார்?

என்னையும் இப்படித்தான் அனுப்பினாய். தேர்வு அறையில் காவலுக்கு, பஸ் வரிசையில் நிற்க, ஆண்டு விழாவில் நாற்காலி போட. ஒவ்வொரு தடவையும் பாடத்தைப் பாதியில் விட்டுப் போனேன். "நம்ம பொண்ணுதானே, போயிட்டு வாடி" என்பாய். சம்பளத்துக்காக நான் போகவில்லை அக்கா. நான் படித்த வேலையை எனக்குத் தரவே இல்லை நீ. அவரும் போய்விடுவார், பார்.

குட்டி

செப்டம்பர் 5

குட்டி,

உனக்குக் காரசாரமாக இரண்டு பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன்.

நேற்றுப் பியூன் மறுபடி வந்து நின்றான். "டீச்சரை ஆபீசுக்கு அனுப்பச் சொன்னாங்க மேடம்." அவர் பட்டாசை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். 'போய்ட்டு வாங்க' என்று காட்ட என் கை அதன் பாட்டுக்கு எழுந்துவிட்டது. கையை இறக்கிக்கொண்டு நானே போனேன். போனை வயரோடு பிடுங்கித் தாளாளர் மேசையில் வைத்தேன். "நீங்களே எடுங்க சார். என் டீச்சருக்குக் கிளாஸ் இருக்கு. இல்ல, அனுப்பித்தான் ஆகணும்னா என் ராஜினாமாவையும் சேர்த்து வாங்கிக்குங்க" என்றேன். அவர் போனைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து, இனி யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம் என்று டீச்சரிடம் எழுதிக் காட்டினேன். நேர்முகத் தேர்வில் பார்த்த டீச்சரும் இதனால்தான் போனாரா என்று அவர் எழுதிக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்னும் இரண்டு இடம் காலி. விளம்பரம் கொடுத்தும் ஒரு விண்ணப்பம் வரவில்லை. ஆனால் உன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டேன். இனி உன்னை வேலைக்குக் கூப்பிட மாட்டேன்.

வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். வருவாயாடி?

அக்கா