லேப்டாப்பில் ஒட்டிய பொட்டுகள்

கீர்த்தனா,

நான் உனக்குத் தரவேண்டியது ஏழு ஸ்டிக்கர் பொட்டு. அம்புக்குறியை எங்கே கொண்டுபோய் அமுக்கினால் ஹட்டனில் இருக்கிற சித்தி முகம் வரும், எங்கே அமுக்கினால் லேப்டாப் அணையும் என்று அடையாளத்துக்கு உன் பொட்டு அட்டையிலிருந்து எடுத்துத் திரையில் ஒட்டியிருந்தேன். நீ விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாய். நேற்று சித்தி பொட்டில் அமுக்கினால் கால்குலேட்டர் வந்தது. சித்தி வருவாள் என்று தலைவாரி அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நீ சிரித்தாய். "உனக்கு இது வராதும்மா, விட்டுரு" என்றாய். அதனால்தான் ராத்திரி சாப்பிடவில்லை. பசி இருந்தது.

ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். சாவி ஜன்னல் மேலே. நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன். காலையில் எழுந்து, படங்களுக்குக் கீழே இருக்கிற பெயரையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தமிழில்தானே போட்டிருக்கிறாய். சரியான பெயரில் அமுக்கினேன். சித்தி திரையில் வந்துவிட்டாள், பல் விளக்காத முகத்தோடு. "என்னக்கா, யாரு செத்தா?" என்று அலறினாள். "யாரும் சாகல. புதுசு கத்துக்கிட்டேன்" என்றேன். அணைக்கவும் தெரிந்துகொண்டேன்.

ஆறு பொட்டைப் பிய்த்து உன் அட்டையிலேயே ஒட்டிவிட்டேன். ஏழாவது என் நெற்றியில். நீ சிரித்ததற்கு அது சரியாய்ப் போயிற்று.

அம்மா