லைன் சரியான பிறகு

அக்டோபர் 26, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். நெட் போய்ப் போய் வருகிறது. மோடத்தில் பச்சை விளக்கு கொஞ்ச நேரம் நின்று எரியும், பிறகு சிமிட்டல். நேற்றுப் பூசை முடிந்து வந்து சேவியரைக் கூப்பிட்டோம். குவைத்திலிருந்து மகன் முகம், இரண்டு வார்த்தை, அதோடு படம் உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி. அவன் அம்மா லூர்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புள்ள எளைச்சுட்டான்ங்க."

போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வாங்க. வடக்கு வயலில் தண்ணீர் வடிக்க. பி.பி. மாத்திரை.

அக்டோபர் 28, புதன்

ஸ்ப்ளிட்டர் புதிது. பயனில்லை. ஒயரையும் மாற்றினேன். அதே கதை. போனிலும் கொரகொரப்பு. அப்படியென்றால் கோளாறு வெளியில்தான். புகார் கொடுத்தாயிற்று. வயலில் முழங்கால் தண்ணீர்.

அக்டோபர் 30, வெள்ளி

லைன்மேன் வந்தார். தெருமுனைக் கம்பத்தில் ஏறினார். "ஜாயின்ட்ல தண்ணி எறங்கியிருக்கு சார். மழ விட்டா வரும், புடிச்சா போயிடும்." வெட்டிப் புதிதாக இணைத்து டேப் சுற்றினார். லூர்து காபி கொடுத்தாள்.

"இனிமே என் புள்ளயப் பாத்துடலாம்ல?"

"நல்லாப் பாக்கலாம்மா."

மாலை முழுக்க நெட்டில் பாட்டு ஓடவிட்டேன். வெளியே கொட்டும் மழை. பாட்டு ஒருமுறைகூட நிற்கவில்லை. நிம்மதி.

நவம்பர் 1, ஞாயிறு

படம் பளிச்சென்று. சேவியர் தாடியில் இருந்த நரைகூடத் தெரிந்தது. முப்பது வயதில் நரை. லூர்து, "கொஞ்சம் எந்திரிச்சு நில்லு தம்பி, எவ்ளோ எளைச்சிருக்கேன்னு பாக்குறேன்" என்றாள்.

கட்.

அவனே திரும்பக் கூப்பிட்டான். "நெட்டு சரியில்லம்மா." மழை, வயல், அக்கம்பக்கம் என்று பேச்சை மாற்றினான். அவள் விடவில்லை. "ஒரு நிமிஷம் நில்லுடா." மறுபடி கட். மோடத்தைப் பார்த்தேன். பச்சை அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"அந்த லைன்மேன மறுபடி கூப்புடுங்க."

சரி என்றேன். லைனில் கோளாறு ஒன்றுமில்லை. அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 2, திங்கள்

கல்லறைத் திருநாள். ஈரத்தில் மெழுகுவத்தி பற்றவில்லை. லூர்து ஜெபமாலைக்கு நின்றபோது கடைத்தெரு போன் பூத்துக்குப் போய், சேவியரோடு அறையில் தங்கியிருக்கும் பாபுவைக் கூப்பிட்டேன். கும்பகோணத்துப் பையன். முதலில் மழுப்பினான்.

"எந்திரிச்சு நிக்கச் சொன்னா கட் பண்றானே, ஏன்ப்பா?"

குரலைத் தாழ்த்திச் சொன்னான், "கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்துட்டான்ப்பா. ஆகஸ்ட்ல. ஒரு கால எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ. அம்மா தாங்க மாட்டாங்கன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

மழையிலேயே நடந்து வந்தேன். போன தடவை ஊருக்கு வந்தபோது தேர்பவனியில் முன்னால் தோள் கொடுத்தவன்.

நவம்பர் 4, புதன்

லூர்து கேட்டுக்கொண்டே இருந்தாள். "லைன்மேன் வரலியா?" காலையில் ஒரு தரம், பத்து மணிக்கு ஒரு தரம். மத்தியானம் சொல்லிவிட்டேன். முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை.

"ஆகஸ்ட்லேருந்து யாரு சோறு பொங்கிப் போடுறா அவனுக்கு?"

தெரியவில்லை என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கல் பொறுக்கினாள். பொறுக்கின அரிசியையே திரும்பத் திரும்ப.

ஒரத்தநாட்டு மச்சான் கூப்பிட்டார். உரம் பற்றி ஏதோ. என்ன பேசினேன் என்று நினைவில்லை.

நவம்பர் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வெயில்.

சேவியர் முகம், கழுத்துவரை மட்டும். லூர்து நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எந்திரிக்காதப்பா. உக்காந்தே பேசு."

அவன் என்னைப் பார்த்தான். கட் ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

"பாபு சொல்லிட்டானா?"

"நான்தான் கேட்டேன்" என்றேன். அவன் லேப்டாப்பைத் தூக்கிக் கீழே சாய்த்தான். படுக்கை. மடித்துவிட்ட லுங்கி.

"எந்தக் காலு?" எதிரே இருப்பவனின் இடது வலது அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"எடதும்மா."

லூர்து தன் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏசியில காட்டாத. துணி சுத்தி வை" என்றாள்.