நீல வயிறு

இன்று காலை ஈக்களுக்குத் தீனி காய்ச்சும்போது நீலச் சாயம் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. சோப்பு போட்டும் போகவில்லை. சாமை மாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் கொதிக்கிற வாசனை விலங்கியல் துறை முழுக்கப் பரவி, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் இந்தக் கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உடம்புக்கு ஏன் மூப்பு வருகிறது என்று ஆராய ஆசைப்பட்டோம். எலி வாங்க வசதியில்லை. உன் அண்ணனின் பழக்கடையிலிருந்து அழுகிய வாழைப்பழத்தோடு ஈக்களையும் பிடித்து வந்தவள் நீ. "எலி ரெண்டு மூணு வருசம் இருக்கும்டி. ஈ ரெண்டு மாசத்துல கெழவியாயிடும். நமக்கு அதான் சரி" என்றாய்.

முதல் வரிசைப் பாட்டில்களில் முழுத் தீனி. இரண்டாவது வரிசையில் ஈஸ்ட் பாதி. இரண்டாவது வரிசை ஈக்கள் முட்டை குறைவாகத்தான் இட்டன. ஆனால் முதல் வரிசை மொத்தமும் செத்த பிறகும் அவை கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. தீனி குறைந்தால் உடம்பு இனப்பெருக்கத்தை விட்டுவிட்டுத் தன்னைப் பழுது பார்க்கத் தொடங்குகிறது போல என்றாய். நான் சந்தோஷத்தில் குதித்தேன். நீ அவ்வளவு சீக்கிரம் நம்பவில்லை. தீனி பிடிக்காமல் பட்டினி கிடக்கின்றனவா என்று பார்க்க நீலச் சாயம் கலக்கச் சொன்னாய். தின்ற ஈயின் வயிறு நீலமாகத் தெரியும்.

"கம்மியா துன்றது வேற, துன்னாம கெடக்கறது வேற. மொதல்ல வயித்தப் பாரு."

பார்த்தேன்; இரண்டாவது வரிசையிலும் வயிறெல்லாம் நீலம். அந்த வருடம் ரம்ஜான் நோன்பு முடிந்தும் நீ வயிறாரச் சாப்பிடுவதற்குத் திரும்பவில்லை. "ஈக்கு ஆவறது நமக்கு ஆவாதா? நானும் ரெண்டாவது வரிசதான்" என்றாய். இரண்டு மாதத்தில் உன் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. "இன்னாடி, பத்து வயசு கம்மியாயிட்ட!" என்று துறையில் எல்லோர் எதிரிலும் சொன்னேன். உனக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சாமை வாங்க வெள்ளிமலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பஸ்ஸை விட்டு இறங்கி மேடேறும்போது பாதியில் கல்லில் உட்கார்ந்துவிட்டாய். "மொத வரிச ஈயாட்டம் உக்காந்துட்டியே" என்று கிண்டலடித்தேன். ஓட்டலில் உன் இலைச் சோற்றில் பாதிக்கு மேல் என் பக்கம் தள்ளினாய். நானும் தின்றேன். எனக்கு நல்ல பசி.

கடைசியில் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டியபோது புதுச்சேரி டாக்டர் இரைப்பையில் கட்டி என்றார். பரவிவிட்டது, வந்து நாளாகியிருக்கும் என்றும் சொன்னார்.

"ரொம்ப நாளாவே பசி இல்லடி. ரெண்டு வாய் வச்சா ரொம்பிப் பூடுது" என்றாய், கட்டிலில் படுத்தபடி.

"ஏன்டி சொல்லல?"

"நீ நல்லா கீறன்னு சொல்லிக்கினே இருந்த. நானும் அப்படியே நம்பிக்கினு இருந்துட்டேன்."

குற்றம் சொல்லும் குரலில் நீ அதைச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உன் மேல் கோபம் வந்தது. நீ போன பிறகு அது முழுக்க என் மேல் திரும்பியது. எத்தனையோ ஈக்களின் வயிற்றை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சர்க்கரை நோய்க்குத் தரும் மாத்திரை மூப்பைத் தள்ளிப்போடுமா என்று பல நாடுகளில் பார்க்கிறார்கள். மனிதர்கள் விஷயத்தில் இன்னும் முடிவு தெரியவில்லை. மூன்றாவது வரிசைக்கு அதைக் கலக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இன்றுதான் கலந்தேன், சாயத்தோடு சேர்த்து.

மத்தியானம் நம் நூலகத்து அக்கா துறைக்கு வந்தார். கன்னம் ஒட்டி, புடவை தோளில் நிற்காமல் நழுவியது.

"இன்னாம்மா அப்படிப் பாக்கற? எளச்சிட்டனா?" என்று பெருமையாகக் கேட்டார்.

நல்லா இருக்கு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அக்கா, உங்களுக்கு நல்லா பசிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்தினார். உன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.