பீரோவுக்கு மேலே

1968, ஆவணி, வெள்ளிக்கிழமை.

இன்றைக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாலாஜாபாத்காரர்களின் கல்யாணப் புடவை தறியில் பாதி நிற்கும்போது, ஜக்கார்டு அட்டைகளை எலி கடித்துவிட்டது. ஓட்டை போட்ட அந்த அட்டைகள் இல்லாமல் கரையில் அன்னம் விழாது. மாற்று செட் ஒன்று அடித்து வைக்கச் சொல்லியிருந்தேனே என்று தெம்பாகப் பீரோவைத் திறந்தேன். காலி! எவனோ திருடிவிட்டான் என்று கத்தினேன்.

அட்டை அடிக்கும் சிநேகிதன் கண்ணப்பன் நிதானமாக வந்தான். "பீரோ மேல இருக்குதுபா."

"உள்ளே வைத்தால் என்ன?"

"'என்னைக் கேட்காமல் யாரும் திறக்கக் கூடாது'ன்னு நீதானே பீரோவுல எழுதி ஒட்டிட்டுப் போன? நான் வர்றப்பல்லாம் நீ இல்ல. மேலயே வெச்சிட்டேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சீட்டைக் கிழிக்கப் போனேன்.

"யாரைக் கேட்டுக் கிழிக்கிற?" என்றான்.